கொலஸ்ட்ரோல் குளிசையும் கிளினிக் கொப்பியும்

எங்கள் ஒழுங்கையில் ஐம்பது தாண்டிய ஆட்கள் உள்ள வீடுகளில் கொலஸ்ட்ரோல் குளிசை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, இரவில் இது ஒன்று. பிரஷர் குளிசையைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை. இந்த இரவுக் குளிசைக்குத்தான் ஆளுக்கொரு கதை இருக்கிறது. "அது ஈரலைத் தின்னும்" என்பார் ஒருவர். "மூண்டு மாசம் போட்டால் காணும்" என்பார் இன்னொருவர். "ஆட்டிறைச்சி சாப்பிடுற அண்டைக்கு ரெண்டாய்ப் போடு" என்று எனக்கே ஒருவர் சொல்லித் தந்தார்.

நான் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. சில வருடங்களாக நானும் என் கணவரும் அடோர்வாஸ்டாட்டின் எடுக்கிறோம். ஸ்டாட்டின் என்று முடியும் பெயருள்ள கொலஸ்ட்ரோல் குளிசைகளில் அதுவும் ஒன்று. கிளினிக் வாங்கில் காத்திருந்து கேட்டதும், டொக்டர்மாரைக் கேள்வி கேட்டு அறிந்ததும், எங்கள் வீட்டில் நடந்ததும்தான் இங்கே எழுதுவது. நான் பார்த்த அளவில், ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு வந்த சிக்கல்களில் பெரும்பகுதி, அதை எழுதித் தந்த டொக்டருக்குத் தெரியாமல் நடந்த காரியங்களால் வந்தது. தாமாக நிறுத்துவது, தாமாகக் கூட்டுவது, பக்கத்தில் வேறொரு மருந்தைச் சேர்ப்பது என்று அது பல விதமாக நடக்கும்.

முதலில் ஏன் தந்தார்கள் என்பது. எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எல்.டி.எல். 178 என்று வந்தது. சாப்பாட்டைக் குறைத்துப் பார்க்கிறேன், பிறகு குளிசைக்கு வருகிறேன் என்று நான் பேரம் பேசினேன். டொக்டர் மறுக்கவில்லை. "சாப்பாட்டையும் குறையுங்கோ, குளிசையையும் போடுங்கோ" என்றார். சீனி உள்ளவர்களுக்கு 40 வயதுக்கு மேல், கொலஸ்ட்ரோல் சுமாராக இருந்தாலும் ஸ்டாட்டின் கொடுப்பதுதான் வழக்கம் என்றும் விளங்கப்படுத்தினார். அவர்கள் பார்ப்பது ஒரு எண்ணை மட்டும் அல்ல. வயது, சீனி, பிரஷர், புகைத்தல், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கை நம் கல்லீரலே செய்கிறது. அதற்கு வேண்டிய ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.ஐ இழுத்து எடுத்துக்கொள்கிறது. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1970களில் பூஞ்சணத்திலிருந்து இந்த வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆக இது நேற்று வந்த மருந்து அல்ல. எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பதைப் பெரிய ஆய்வுகள் பல சேர்ந்து காட்டியிருக்கின்றன.

ஆனால் இந்தக் குளிசையைப் போட்டாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதுதான் இதன் தொல்லை. பிரஷர் குளிசையை விட்டால் சிலருக்குத் தலையிடி வந்து காட்டிக்கொடுக்கும். இதை விட்டால் எல்.டி.எல். சில கிழமைகளில் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். "ரிப்போட் நல்லாய் வந்திட்டுது, இனி ஏன்?" என்று நிறுத்துகிறவர்கள் அந்த நல்ல ரிப்போட்டைத் தந்ததே குளிசைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு 20 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எல்.டி.எல். 104. பிறகு 40 ஆக்கினார்கள். அளவு இரட்டிப்பானதால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஸ்டாட்டினின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் எல்.டி.எல். மேலதிகமாகச் சுமார் 6 வீதம்தான் இறங்கும். இறைச்சி நாளில் இரண்டு போடும் ஆளுக்கு அன்று கிடைக்கும் இலாபம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவு வரும் வாய்ப்புத்தான் அளவோடு சேர்ந்து கூடும்.

தொடங்க முன் கல்லீரலுக்கு ஒரு பரிசோதனை, சிறுநீரகத்துக்கு ஒன்று, தைரொயிட்டுக்கு ஒன்று எடுத்தார்கள். தைரொயிட் ஏன் என்று கேட்டேன். தைரொயிட் குறைவாகச் சுரந்தால் அதுவே கொலஸ்ட்ரோலைக் கூட்டும், தசை நோவையும் தரும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டினைக் கொடுத்தால் தசைக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுமாம். உங்களுக்கு எடுக்கவில்லை என்றால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டதற்காக யாரும் அடிக்கப் போவதில்லை.

ஈரலைத் தின்னும் என்ற கதைக்கும் இங்கேயே பதில் உண்டு. சிலருக்குக் கல்லீரல் நொதிகள் கொஞ்சம் ஏறும். சாதாரண அளவின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் பொதுவாகக் குறைப்பதா நிறுத்துவதா என்று யோசிப்பார்கள். தொடங்கி மூன்று மாதத்தில் ஒருமுறை பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. இரத்தச் சீனியைக் கொஞ்சம் கூட்டக்கூடும் என்பதும் உண்மைதான். அதற்காக, மாரடைப்பு வரும் வாய்ப்புள்ள சீனிக்காரர் இதை விடுவது நட்டக் கணக்கு என்று டொக்டர் சொன்னார்.

அடுத்தது தசை நோ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் குளிசையை விடுவது இதனால்தான்.

40 ஆக்கிய பிறகு வந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழா. 25 நாளும் போக முடியாவிட்டாலும் போகக்கூடிய நாட்களில் அதிகாலையில் போய், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்தேன். பழக்கமில்லாத வேலை. அப்புறம் ஒரு நாள் காலையில் எழும்ப முடியவில்லை. இரண்டு தொடையும் உளைந்தன, தோள்மூட்டுப் பக்கமும் நோவு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டா: "அது அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசைதான் பிள்ளை. நான் உதாலைதான் நிப்பாட்டினனான். நீயும் நிப்பாட்டு."

நான் நிறுத்தவில்லை, கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்துக்கொண்டன. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? மூட்டிலா, சதையிலா? குளிசை தொடங்கியோ அளவு கூட்டியோ எவ்வளவு காலம்? புதிதாக ஏதும் வேலை செய்தீர்களா? காய்ச்சல் உண்டா? சலம் என்ன நிறத்தில் போகிறது?

ஸ்டாட்டினால் வரும் நோ பெரும்பாலும் இரண்டு பக்கமும், தொடை, தோள் போன்ற பெரிய தசைகளில், தொடங்கியோ அளவு கூட்டியோ சில கிழமைகளில், மாதங்களில் வருமாம். ஒரு முழங்கால் மட்டும் நோகிறது, நாரி பிடிக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். என் விஷயத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது. அளவும் கூட்டியிருக்கிறது, அடியும் அழித்திருக்கிறேன். சி.கே. என்று ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். தசை சேதப்பட்டால் இரத்தத்தில் ஏறும் பொருள் அது. கொஞ்சம் ஏறியிருந்தது. கடினமான உடற்பயிற்சிக்குப் பிறகும் அது ஏறும் என்பதால், உடம்பை வருத்தாமல் இருந்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்ப எடுத்தபோது சரியாக இருந்தது, நோவும் போய்விட்டது. குளிசை அதே அளவில் தொடர்ந்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் அதைப் போலவே தோன்றும் வெறும் குளிசையும் கொடுத்தார்கள், சில மாதங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. எந்த மாதத்தில் எந்தக் குளிசை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் பட்ட கரைச்சலில் 90 வீதம் வெறும் குளிசை மாதங்களிலும் இருந்தது. நோவு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே நொந்தது. நோகும் என்று எதிர்பார்த்திருக்கும் உடம்பு நோகிறது. எங்கள் அக்காமாரின் எச்சரிக்கைகளுக்கும் இதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் மனப்பிரமை என்று தள்ளவும் கூடாது. மிக அரிதாக, தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை வருவதுண்டு. தாங்க முடியாத தசை நோ, படி ஏறவோ கையைத் தூக்கவோ முடியாத பலவீனம், சலம் கடும் பிளேன்ரீ நிறத்தில் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல், அடுத்த குளிசையைப் போடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாக நிறுத்தலாம் என்று டொக்டரே எனக்குச் சொன்ன ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

காய்ச்சலோடு சேர்ந்த தசை நோ வேறு கதை. எங்கள் பக்கத்தில் மாரி தொடங்கினால் டெங்கும் எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் எவ்வளவு பயத்தைக் கிளப்பியது என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் நோ முக்கியமான அறிகுறி, சிறுநீரகத்தையும் அது தாக்கும். டெங்கில் கல்லீரல் நொதிகள் ஏறும். வயலுக்கு இறங்கியவர் காய்ச்சலோடு கால் உளைவு என்றால் கொலஸ்ட்ரோல் குளிசையைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில், இன்ன ஸ்டாட்டின் இவ்வளவு எடுக்கிறேன் என்று கேட்க முன்பே சொல்லிவிட வேண்டும். அதை அந்த நாட்களில் கொடுப்பதா நிறுத்தி வைப்பதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி மற்ற மருந்துகள். என் கணவருக்கு நெடுங்கால வயிற்றெரிவு. தனியார் வைத்தியசாலை ஒன்றில் ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்தோம். வயிற்றில் கிருமி இருக்கிறது என்று இரண்டு கிழமைக்கு மூன்று வகை மருந்து எழுதினார். அதில் ஒன்று கிளரித்ரோமைசின். அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மருந்தகத்தில் துண்டைக் கொடுத்தபோது அங்கே நின்ற பிள்ளைதான், "ஐயா, வேறை என்ன குளிசை பாவிக்கிறியள்?" என்று கேட்டது. எடுக்கும் மருந்தெல்லாம் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைக் காட்டினோம். உடனே டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டு, அந்த இரண்டு கிழமையும் அடோர்வாஸ்டாட்டினை நிறுத்தி வைக்கச் சொல்லித் தந்தது. கிளரித்ரோமைசின், கல்லீரல் ஸ்டாட்டினை உடைத்து வெளியேற்றும் வழியை மறிக்கும். போட்ட குளிசை 20 ஆக இருந்தாலும் இரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு போட்டது போல் நிற்கும். அந்தப் பிள்ளை கேட்ட ஒரு கேள்விக்காகவே நான் இன்றும் அந்த மருந்தகத்துக்குத்தான் போகிறேன்.

இதே போல் முட்டும் மருந்துகளில் எங்கள் ஆட்கள் அடிக்கடி சந்திக்கக்கூடியவை எரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல், இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டுக்குத் தரும் ஜெம்ஃபிப்ரோசில். சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர் பிரஷருக்கு அம்லோடிபின் எடுத்தால் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிரஷர் ஒரு டொக்டரிடம், கொலஸ்ட்ரோல் இன்னொருவரிடம் என்று போகிறவர்களுக்கு இது யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும். ரொசுவாஸ்டாட்டின் எடுப்பவர்கள் வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தைக் குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிசை சரியாக உடம்பில் சேராது. சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் அவரிடமும் கொப்பியைக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து 'இயற்கையானது' என்று வரும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசையிலும் லோவாஸ்டாட்டின் என்ற அதே பொருள்தான் இருக்கிறது. அதையும் ஸ்டாட்டினையும் சேர்த்துப் போட்டால் இரண்டு ஸ்டாட்டின் போட்டதாகத்தான் கணக்கு.

வெளிநாடு என்றதும் பார்சல் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் கனடாவிலோ லண்டனிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் சில குளிசைகளை வெளியில் வாங்கச் சொன்னார்கள். அப்போது ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை, "அக்கா, நான் போடுற குளிசையிலை அனுப்புறன், இது அங்கத்தையதைவிடத் திறம்" என்று ரொசுவாஸ்டாட்டின் அனுப்பினாள். அன்போடு அனுப்பியது. ஆனால் ரொசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், அடோர்வாஸ்டாட்டின் 20க்கு ஏறத்தாழச் சமம். மில்லிகிராம் எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆசிய வம்சத்தவருக்கு ரொசுவாஸ்டாட்டினைக் குறைந்த அளவில், 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே உண்டு. நான் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டொக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மாற்றுவதென்றால் மற்றதை முழுதாக நிறுத்த வேண்டும், எனக்கு மாற்றத் தேவையில்லை என்றார். பெயர் வேறு, நிறம் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டவர்களை அந்தக் காலத்தில் கிளினிக் வாங்கிலேயே கண்டேன்.

அரச ஆஸ்பத்திரியில் குளிசையைச் சின்னக் கடதாசி உறைக்குள் உதிரியாகப் போட்டுத் தருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். உறையைக் கிழித்து எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் உறையை அப்படியே வைத்து, மேலே தமிழில் பெரிய எழுத்தில் 'கொலஸ்ட்ரோல் – இரவு' என்று எழுதி வைப்போம். இம்முறை தந்தது 20ஆ, 10 இரண்டா என்று மருந்து தரும் ஜன்னலை விட்டு விலக முன் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

இரவில்தான் போட வேண்டுமா? சிம்வாஸ்டாட்டின் என்றால் ஆம். அது உடம்பில் கொஞ்ச நேரமே நிற்கும், கல்லீரல் கொலஸ்ட்ரோல் செய்வதும் இரவில்தான் கூட. அடோர்வாஸ்டாட்டினும் ரொசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்பவை, எந்த நேரத்திலும் போடலாம். என் கணவர் இரவில் செய்தி பார்த்தபடியே நித்திரையாகிவிடுவார், அதனால் டொக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம். ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கம் போல் ஒன்றுதான், இரண்டு போடக் கூடாது. கந்தசஷ்டிக்கு விரதம் பிடிப்பவர்கள் தண்ணீரோடு இந்தக் குளிசையை எடுக்கலாம், இதற்குச் சாப்பாடு தேவையில்லை. சீனிக் குளிசை அப்படி இல்லை, அதை விரதத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

கனடாக்காரரோடு ரிப்போட்டை ஒப்பிடும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கை தன் எல்.டி.எல். 2.6 என்றாள், நான் 104 என்றேன். அவள் பயந்துபோனாள். அங்கே மில்லிமோல், இங்கே மில்லிகிராம். எங்கள் எண்ணை 38.67ஆல் வகுத்தால் அவர்களுடையது வரும். நானும் அவளும் அன்று கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நின்றோம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது சரி, ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு நம் உடம்பில் எல்.டி.எல்.ஐக் கூட்டும். சொதியை விட என்னால் முடியாது. முதற்பாலைக் குறைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பெண்பிள்ளைகளைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் போல இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரோல் பார்ப்பது நல்லது. சில குடும்பங்களில் அது பிறப்பிலேயே கூடுதலாக வரும். என் அண்ணாவின் மகளுக்கு முப்பது வயதுக்குள்ளேயே எல்.டி.எல். 200ஐத் தாண்டியது, ஸ்டாட்டின் தொடங்கினார்கள். கலியாணம் முடிந்து பிள்ளை பெற யோசிக்கும்போது அவள் யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கர்ப்பத்தில் பொதுவாக ஸ்டாட்டின் எடுப்பதில்லை. பிள்ளைக்கு முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். தெரியாமல் கர்ப்பம் தங்கிவிட்டால் பதறாமல் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்கள். பால் கொடுத்து முடியும்வரை மறுபடி தொடங்க வேண்டாம் என்று அவளுடைய கொப்பியிலேயே எழுதியும் விட்டார்கள்.